இறந்தவர் ஊர் அரூர், பதிவான ஊர் சேலம்: உடல்நல ஆய்வுக்கு எந்தப் பதிவேட்டை எடுப்பது?

தர்மபுரி மாவட்டம் அரூருக்கு அருகே ஒரு கிராமம். பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதம். தர்மபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து சேலத்துக்கு அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் சேலத்தில் உயிர் பிரிகிறது. உடல் ஊருக்கு வந்து, ஊர்ச் சுடுகாட்டில் எல்லாம் முடிகிறது. ஆனால் அந்த இறப்பு பதிவாவது சேலத்தில். கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியிலிருந்து பெங்களூருக்குப் போய் அங்கே இறந்தவரின் பதிவோ மாநில எல்லையையே தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 இப்படித்தான் சொல்கிறது: நிகழ்ந்த இடத்தில் பதிவு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை வைத்து ஆய்வு செய்ய நினைப்பவர்கள் (சமூக மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர்கள், தொண்டு நிறுவனங்கள், வட்டார அளவில் திட்டம் போடும் சுகாதாரப் பணியாளர்கள்) முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய முனை இதுதான். ஒரு தரவு எவ்வளவு முழுமையானது என்று கேட்பதற்கு முன், அது ஆளை வசிக்கும் ஊரில் எண்ணுகிறதா, நிகழ்வு நடந்த ஊரில் எண்ணுகிறதா என்று கேளுங்கள். கடினமான நோய்க்குச் சேலம், வேலூர், பெங்களூர் என்று ஓடும் மாவட்டங்கள் இவை. இந்தக் கேள்வியைத் தவறவிட்டால் எந்தப் புள்ளியியல் சோதனையாலும் பிறகு சரிசெய்ய முடியாது.

பிறப்பு இறப்புப் பதிவேடு

மாவட்டத்தின் எல்லா ஊர்களையும் தொடும் ஒரே ஏற்பாடு இது. கிராம ஊராட்சிகளில் கிராம நிர்வாக அலுவலர் பதிவாளர்; நகராட்சி, மாநகராட்சிகளில் அந்தந்த உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவு. மாநில அளவில் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்குநர் தலைமைப் பதிவாளர். 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை மேலதிகாரியின் அனுமதி. ஓராண்டு தாண்டினால் மூலச் சட்டப்படி முதல் வகுப்பு நடுவரின் ஆணை தேவைப்பட்டது. 2023 திருத்தச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களே ஆணை தரலாம்.

இந்த நாள் கணக்கு ஆய்வாளருக்கு எதற்கு? ஆண்டு அறிக்கை அட்டவணைகள் பதிவான ஆண்டை வைத்தும் தொகுக்கப்படலாம், நிகழ்ந்த ஆண்டை வைத்தும் தொகுக்கப்படலாம். சொத்துத் தகராறு, வாரிசுச் சான்று, கடன் தள்ளுபடி என்று ஏதாவது ஒன்று கிளம்பும்போது பழைய இறப்புகள் கூட்டமாகப் பதிவாகும். அவை புதிய ஆண்டின் கணக்கில் ஏறினால் அந்த ஆண்டு ஏதோ கொள்ளைநோய் வந்ததுபோலத் தெரியும். ஆகவே தரவு கேட்கும்போது நிகழ்ந்த தேதி, பதிவான தேதி இரண்டையும் கேளுங்கள். ஆய்வு ஆண்டு முடிந்து குறைந்தது 12 மாதம் போன பிறகே அந்த ஆண்டின் கோப்பைப் பெறுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி படிவத்துக்குள்ளேயே இருக்கிறது. இறப்புத் தகவல் படிவம் இரண்டு பகுதியாக அச்சிடப்பட்டது. ஒன்று சட்டப் பகுதி: பெயர், பெற்றோர் அல்லது துணைவர் பெயர், முகவரி, இறந்த இடம். இது பதிவாளரிடம் தங்கும். மற்றது புள்ளிவிவரப் பகுதி. இதில் பெயர் கிடையாது. இறந்தவர் வசித்த ஊர், தொழில், கடைசியில் கிடைத்த மருத்துவ உதவியின் வகை, காரணத்தை மருத்துவர் சான்றளித்தாரா, நோயின் பெயர், பெண் என்றால் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதற்குப்பின் ஆறு வாரத்துக்குள்ளோ இறந்தாரா, புகை, புகையிலை, பாக்கு, மது ஆகிய பழக்கங்கள் எத்தனை ஆண்டு என்ற கேள்விகள் இதில் உண்டு. பிறப்புப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் தாயின் திருமண வயது, கல்வி, குழந்தையின் எடை, கர்ப்ப வாரம், பிரசவ முறை. ஆய்வுக்கு வேண்டியதில் முக்கால்வாசி இங்கே இருக்கிறது. அடையாளம் வெளிப்படும் ஆபத்தும் குறைவு. நெறிமுறைக் குழுவின் முன் நிற்கும்போது இந்த இரண்டாவது காரணம் பெரிதும் கைகொடுக்கும்.

ஒரு குறை உண்டு. புள்ளிவிவரப் பகுதியை நிரப்புபவர் அவசரத்தில் இருந்தால் பழக்கக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே விழும். ஒரு பதிவாளரின் கோப்பில் ஓராண்டு முழுவதும் புகைபிடித்தவர் ஒருவர்கூட இல்லை என்றால், அந்த ஊர் புகையில்லா ஊர் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பத்தியையே ஆய்விலிருந்து நீக்குங்கள்.

வசிப்பிடப் பத்திதான் அரூர்ப் பெரியவரைத் திரும்ப அரூருக்குக் கொண்டுவரும் வழி. மாவட்டக் கோப்பை மட்டும் கேட்டால் அவர் வரமாட்டார். சேலம் மாவட்டத்தில் பதிவாகி, வசிப்பிடம் தர்மபுரி என்று குறிக்கப்பட்ட பதிவுகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வேலூருக்கும் சென்னைக்கும் இதே போலத்தான். மாநிலத்துக்குள் இது ஒரே இயக்குநரகத்தின் கையில் இருப்பதால் நடக்கக்கூடிய காரியம். பெங்களூரில் பதிவானவை வேறு மாநிலத் தலைமைப் பதிவாளரிடம் இருப்பதால், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்த வழி பாதியில் நின்றுவிடும். ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால் வண்டி முதலில் நிற்கும் இடத்தில் பதிவு என்பது விதி. தேசிய நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

யார் விடுபடுகிறார்கள் என்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பட்டா மாற்றம், காப்பீடு, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு என்று ஏதாவது தேவை இருந்தால் குடும்பம் தானே தேடி வந்து பதியும். சொத்து இல்லாத மூதாட்டி, பச்சிளம் குழந்தை, சித்தேரி போன்ற மலைக் கிராமங்களில் வீட்டிலேயே இறந்தவர்கள் ஆகியோர் விடுபடவே வாய்ப்பு அதிகம். பிறந்த அன்றே இறந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டும் பதியப்பட வேண்டும். இரண்டும் பதியாமல் போவதும், உயிரோடு பிறந்து மூச்சுவிட்டதை உயிரற்ற பிறப்பு என்று எழுதிவிடுவதும்தான் வழக்கமான பிழைகள்.

எண்ணிக்கை சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தர்மபுரி மாவட்டம் 15,06,843, கிருஷ்ணகிரி 18,79,809. மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி (தேர்ந்தெடுத்த ஊர்களில் மட்டும் பிறப்பு இறப்பைத் தொடர்ந்து எண்ணும் மத்திய அரசின் கணக்கெடுப்பு இது) 2020-ல் தமிழ்நாட்டின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 6.1. பெருக்கினால் தர்மபுரிக்கு ஆண்டுக்குச் சுமார் 9,200, கிருஷ்ணகிரிக்கு 11,500 இறப்புகள். கையில் வந்த கோப்பில் 6,000 இருந்தால் மீதி எங்கே போயிற்று என்று தேடுங்கள். பெரும்பாலும் பக்கத்து மாவட்டப் பதிவேட்டில் இருக்கும்.

ஆனால் அந்த 2011 மக்கள்தொகையையே வகுக்கும் எண்ணாக வைத்து விகிதம் போட்டு அச்சில் ஏற்றக் கூடாது. 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஓசூர் அதற்குள் வளர்ந்து 2019-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது. பழைய மக்கள்தொகையால் வகுத்தால் அங்கே எல்லா நோயும் கூடியதுபோலத் தோன்றும். கால ஒப்பீடு செய்பவர்களுக்கு இன்னொரு கண்ணி: கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது, தர்மபுரியே 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டம். 2003-ன் ‘தர்மபுரி’யும் 2005-ன் ‘தர்மபுரி’யும் வேறு வேறு நிலப்பரப்புகள். தாலுகா வாரியாகப் பிரித்துத் திரும்பக் கூட்டினால்தான் நேர்க்கோடு கிடைக்கும். பழைய கையெழுத்துப் பதிவேடுகளுக்குப் போகும் முன், எந்த ஆண்டு யாரிடம் என்று கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றிலும் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கே இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும்.

எதனால் இறந்தார் என்ற கேள்வி

எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடு போதும். எதனால் என்று கேட்டவுடன் நிலைமை மாறிவிடுகிறது.

குடும்பத்தாரிடம் இருக்கும் இறப்புச் சான்றிதழைச் சேகரித்தால் காரணம் தெரிந்துவிடும் என்று நம்பிச் சிலர் வீடுவீடாகப் போகிறார்கள். அதில் காரணம் இருக்காது. பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் சான்றில் இறப்பின் காரணத்தை வெளிப்படுத்தக் கூடாது என்று 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவே தடுத்திருக்கிறது. காரணம் இருப்பது மருத்துவச் சான்றில்: மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்து மருத்துவர் பார்த்திருந்தால் படிவம் 4ஏ. 2023 திருத்தத்துக்குப் பின் எல்லா மருத்துவ நிறுவனங்களும் இதைப் பதிவாளருக்குத் தருவதோடு, நெருங்கிய உறவினருக்கும் ஒரு பிரதி தர வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தோடு அந்தப் பிரதியைப் பார்க்கலாம் என்பது ஆய்வாளருக்குப் புதிதாகத் திறந்திருக்கும் வாசல்.

வாசல் திறந்தாலும் உள்ளே இருப்பது எப்போதும் பயன்படும் சரக்கு அல்ல. நாடு முழுவதும் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை 2020-ல் 22.5 விழுக்காடுதான். தமிழ்நாடு அந்தச் சராசரிக்கு மேலே என்றாலும், வீட்டில் நிகழும் இறப்புகளுக்கு இது பெரும்பாலும் எட்டுவதில்லை. சான்று இருக்கும் இடத்திலும் எழுதும் முறை கெடுக்கிறது. படிவத்தின் முதல் பகுதியில் மூன்று வரிகள் உண்டு: உடனடிக் காரணம், அதற்கு முந்தையது, எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. முதல் வரியில் ‘இதயமும் சுவாசமும் நின்றன’ என்று எழுதிக் கீழ் இரண்டு வரிகளையும் காலியாக விட்டுவிடுகிறார்கள். இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. அது காரணமே அல்ல. நீரிழிவால் சிறுநீரகம் பழுதாகி இறந்தவரும், பாம்புக் கடியால் இறந்தவரும் ஒரே குறியீட்டில் விழுந்துவிடுகிறார்கள். நோய்க் குறியீட்டு வல்லுநர்கள் இவற்றைக் குப்பைக் குறியீடு என்பார்கள். ஒரு மருத்துவமனையின் சான்றுகளை ஆய்வுக்கு எடுக்கும் முன் 100 படிவங்களைப் புரட்டி, அடிப்படைக் காரண வரி நிரம்பியவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கும் கீழே என்றால் அந்தத் தரவை வைத்து நோய்வாரிப் பங்கு சொல்ல வேண்டாம். சான்றின் தரத்தையே ஆய்வுப் பொருளாக்கலாம். அது நல்ல தலைப்பு, உடனே பயன்படும் தலைப்பும்கூட.

மாற்று வழி வாய்மொழிப் பிரேத விசாரணை. இறந்தவரைக் கடைசி நாட்களில் கவனித்தவரிடம், பயிற்சி பெற்ற ஒருவர் கட்டமைத்த கேள்வித்தாளோடு உட்கார்ந்து கேட்பது. அதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறிப்பது. முரண்பட்டால் மறுபரிசீலனை, அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் மூத்த மருத்துவர் ஒருவரின் தீர்ப்பு. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவுத் திட்டம் 2001 முதல் இந்த முறையில்தான் நாட்டின் இறப்புக் காரணங்களைத் திரட்டிவருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளும், கணினியே காரணம் கணிக்கும் மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் பரப்பு, அதாவது சமவெளியில் 30,000 பேர் என்று வைத்தால், ஆண்டுக்கு 180 இறப்பு வரும். ஒரு பேட்டிக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒருவர் நாளுக்கு மூன்று வீடு முடிக்கலாம். ஆக 60 வேலை நாள். ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வுக் காலத்துக்குள் இது வசதியாக அடங்கும். ஓர் ஒன்றியம் முழுவதும் என்று ஆசைப்பட்டால் 900 இறப்பு, ஓர் ஆளுக்கு ஓராண்டு வேலை. அதற்குக் குழு வேண்டும்.

காரியம் முடியும் வரை போகக் கூடாது. மூன்று மாதத்துக்குப் பின், ஓராண்டுக்குள் போவது நல்லது. அதைத் தாண்டினால் காய்ச்சல் முதலில் வந்ததா மூச்சுத்திணறல் முதலில் வந்ததா என்பது நினைவிலிருந்து நழுவிவிடும். பிள்ளை இறந்திருந்தால் தாயைக் கேளுங்கள், முடிந்தால் மாமியார் அருகில் இல்லாத நேரத்தில். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கிலும் மேற்கிலும் வீட்டு மொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ உருதுவாகவோ இருக்கும். தமிழ்க் கேள்வித்தாளைப் பேட்டி எடுப்பவர் அந்த இடத்திலேயே மொழிபெயர்த்துக் கேட்டால், ‘மார்பு வலி’யும் ‘நெஞ்செரிச்ச’லும் ஆளுக்கு ஆள் மாறும். நோய் அறிகுறிச் சொற்களை அந்தந்த மொழியில் முன்பே எழுதி, ஊர்ப் பெண்கள் நான்கு பேரிடம் சொல்லிச் சரிபார்த்து அச்சிடுங்கள். எந்த முறையானாலும் விபத்து, தற்கொலை, பாம்புக் கடி, பிரசவ இறப்பு ஆகியவற்றை இது நன்றாகப் பிடிக்கும். எந்த உறுப்பில் புற்றுநோய், எந்த வகை மாரடைப்பு என்ற நுணுக்கம் கேட்டால் தடுமாறும்.

புற்றுநோய்: இருக்கும் பதிவேட்டைப் பயன்படுத்துங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தை 1981-ல் தொடங்கியது. 1982 முதல் பம்பாய், பெங்களூர், மதராஸ் நகரங்களில் மக்கள்தொகைப் பதிவேடு, அதாவது ஒரு பரப்பில் வாழும் புற்றுநோயாளிகள் எல்லாரையும் எண்ணும் பதிவேடு, ஓடுகிறது. அந்தத் திட்டத்தின் 2020 அறிக்கையில் 28 மக்கள்தொகைப் பதிவேடுகள், 58 மருத்துவமனைப் பதிவேடுகள். நம் இரு மாவட்டங்களும் அந்த 28-ல் இல்லை. ஆனால் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து 2012 முதல் நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கியது. ஆகவே தர்மபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ புற்றுநோய் நிகழ்வு விகிதம் வேண்டும் என்றால் தொடங்க வேண்டிய இடம் அதன் அறிக்கைதான். மாவட்ட மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை எண்ணி ‘எங்கள் மாவட்டத்தில் வாய்ப் புற்றுநோயே முதலிடம்’ என்று எழுதுவது, வருகிறவர்களின் பங்கை வாழ்கிறவர்களின் விகிதமாக மாற்றிச் சொல்லும் பிழை. இந்தப் பிழையோடு ஆய்வேடுகள் தொடர்ந்து வருவது வருத்தமானது. தவிர்க்கக் கடினமானதும் அல்ல.

மக்கள்தொகைப் பதிவேடு ஆளை வசிப்பிடத்தில்தான் எண்ணுகிறது. அந்தப் பரப்பில் குறைந்தது ஓராண்டு வசித்திருக்க வேண்டும். பதிவு அலுவலர்கள் மருத்துவமனைகள், நோய்க்கூறு ஆய்வகங்கள், இறப்புப் பதிவுகள் எல்லாவற்றையும் சுற்றி வந்து, ஒரே ஆள் மூன்று இடத்தில் பதிவாகியிருந்தால் ஒன்றாக்குகிறார்கள். இந்த உழைப்பால்தான் அறிக்கை சில ஆண்டுகள் பின்தங்கி வருகிறது. தாமதத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிருஷ்ணகிரி எண்ணைப் படிக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சிகிச்சை அங்கே நடந்தால் கோப்பு அங்கேதான் இருக்கும். பெங்களூர்ப் பதிவேடு வெளியூர்க்காரரைத் தன் கணக்கில் சேர்க்காது. தமிழ்நாட்டுப் பதிவேட்டுக்கு அந்தத் தகவல் வந்து சேர வேண்டும். முகவரியும் ஏமாற்றும். ‘ஓசூர் ரோடு’ என்பது பெங்களூருக்குள் இருக்கும் சாலை; கணினியில் ‘ஓசூர்’ என்று தேடினால் அந்தச் சாலைவாசிகள் எல்லாரும் நம் மாவட்டத்துக்கு வந்துவிடுவார்கள். பெங்களூரில் உள்ள உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்ந்த சூளகிரிக்காரர் எதிர்ப்பக்கம் தொலைந்திருப்பார். அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அதையே நம்புங்கள்: 635-ல் தொடங்குகிறதா, 560-ஆ என்று முதல் மூன்று இலக்கம் சொல்லிவிடும்.

பதிவேட்டின் தரத்தை இரண்டு எண்களில் படிக்கலாம். ஒன்று, நுண்ணோக்கியில் உறுதிசெய்த விழுக்காடு. இது கூடக் கூட நல்லது என்று நினைப்பது தவறு. 100-ஐத் தொட்டால் ஆய்வகத் தாள் உள்ளவர்கள் மட்டுமே எண்ணப்பட்டார்கள் என்று பொருள். மற்றது, இறப்புச் சான்றால் மட்டுமே தெரியவந்தவர்களின் விழுக்காடு. இது பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் பெருமைப்பட எதுவும் இல்லை. இறப்புப் பதிவில் காரணமே இல்லாததால் பொருத்திப் பார்க்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். மேலே சொன்ன படிவம் 4-ன் காலி வரிகள் இங்கே வந்து கடிக்கின்றன. ஒரு மாவட்டத்தின் ஓராண்டு எண்ணிக்கையை உறுப்புவாரியாகப் பிரித்தால் பல கட்டங்களில் ஒற்றை இலக்கம்தான் மிஞ்சும். ஐந்தாண்டுகளைக் கூட்டி, வயதுக்குச் சீர்செய்த விகிதமாக ஒப்பிடுங்கள்.

கணக்கெடுப்புகளும் திட்டப் பதிவேடுகளும்

மாதிரிப் பதிவுத் திட்டத்தின் எண்கள் நம்பகமானவை. பகுதிநேரக் கணக்காளர் தொடர்ந்து எழுதுவார், அரையாண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாகக் கணக்கெடுப்பார், இரண்டையும் பொருத்தி விடுபட்டதைத் தேடுவார்கள். ஆனால் அது மாநிலத்துக்குத்தான் பேசும். மாவட்டத்துக்கு வாய் திறக்காது. தேசியக் குடும்பநல ஆய்வு நான்காவது சுற்றிலிருந்து மாவட்ட எண்களைத் தருகிறது: இரத்தசோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, பிரசவம், தடுப்பூசி. மாவட்ட அளவில் சிசு இறப்பு விகிதத்தை அதில் தேடாதீர்கள், மாதிரி அதற்குப் போதாது. ஐந்தாவது சுற்றின் தமிழ்நாட்டுக் களப்பணி 2020 ஊரடங்கால் இரண்டாக உடைந்து 2021 மார்ச்சில்தான் முடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிறிய எண்களின் ஆபத்துக்கு ஒரு கணக்கு. 2020-ன் மாநிலப் பிறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு 13.8, சிசு இறப்பு ஆயிரம் பிறப்புக்கு 13. தர்மபுரிக்கு ஆண்டில் சுமார் 20,800 பிறப்பு, 270 சிசு இறப்பு. அதில் பத்தில் ஒரு பங்கு ஓர் ஒன்றியம் என்றால் 27. இந்த 27-க்கு 95 விழுக்காடு நம்பக எல்லை, அதாவது தற்செயலாகவே எண் ஏறி இறங்கக்கூடிய வீச்சு, 18 முதல் 39 வரை; விகிதமாகச் சொன்னால் 8.6 முதல் 18.9 வரை. பென்னாகரம் 11, பாலக்கோடு 16 என்று வந்தால் பாலக்கோட்டு மருத்துவ அலுவலரை விளக்கம் கேட்க அந்த எண்ணில் எந்த ஆதாரமும் இல்லை. மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள்.

அரசின் சுகாதாரத் திட்டங்கள் வைக்கும் பதிவேடுகளில் தாய்சேய் நலத்துக்கான இணையப் பதிவேடான பிக்மியே வலுவானது. கர்ப்பம் பதியும்போதே எண் தரப்படுகிறது, பிறப்புச் சான்று பெற அந்த எண் வேண்டும். ஆகவே குடும்பமே அதைப் பத்திரமாக வைத்திருக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் எந்த ஊர்க் கணக்கு என்பது மட்டும் சிக்கல். காசநோய் 2012 முதல் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். நிக்‌ஷய் தளத்தில் கண்டறிந்த இடம், சிகிச்சை நடக்கும் இடம் இரண்டும் தனித்தனியே இருக்கும், எதை வைத்து மாவட்டக் கணக்கு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுவாசலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிகிறது. அது சிகிச்சை தொடர்கிறதா என்று பார்க்கச் சிறந்தது. பகலில் வேலைக்குப் போகும் ஆண்களைத் தவறவிடும் என்பதால் நோயின் பரவலைச் சொல்லப் போதாது.

திட்டப் பதிவேடு எவ்வளவு பேசும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று உண்டு. 1990-களில் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் சில சிசு இறப்புகளுக்கு நேரே ‘சமூகக் காரணம்’ என்று எழுதப்பட்டது. பெண் சிசுக் கொலையைத் தமிழ்நாட்டில் ஊர்வாரியாகக் காட்ட ஆய்வாளர்களுக்கு உதவியவை அந்த இரண்டு சொற்கள்தான். கிராம சுகாதாரச் செவிலியர்கள் அவற்றை எழுதாமல் விட்டிருந்தால், கணக்கில் அவை வெறும் குறைமாதப் பிரசவமாகவோ பால் குடிக்காத குழந்தையாகவோ மறைந்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக, மேலே சொன்ன பதிவேடுகளில் அகப்படாத நோய் ஒன்று இங்கே பரவலாக இருக்கிறது: குடிநீரில் மிகும் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு நச்சு. யாரும் அதனால் இறந்ததாகப் பதிவாவதில்லை, மருத்துவமனையில் சேர்வதும் அரிது. 2013-ல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் பல் கறை குறைந்ததா என்று கேட்பவர் பதிவேடுகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பள்ளிக்குப் போய், திட்டத்துக்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என்று பிரித்துப் பற்களைப் பார்ப்பதும், வீட்டில் உண்மையில் குடிக்கும் தண்ணீரை அளப்பதும்தான் வழி. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, 1.5 வேறு நீராதாரம் இல்லாதபோதைய உச்ச வரம்பு.

அனுமதி, பொருத்துதல்

வரிசை மாறினால் மாதங்கள் போகும். முதலில் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பிறகு பொது சுகாதார இயக்குநரகத்தின் அனுமதி, அதன் நகலோடு மாவட்ட சுகாதார அலுவலர். கீழிருந்து மேலே போனால் ‘மேலிடத்துக் கடிதம் எங்கே’ என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். விண்ணப்பத்தில் ‘இறப்புத் தரவு வேண்டும்’ என்று எழுதாமல், வேண்டிய பத்திகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். வெறும் தொகுப்பு எண்கள் போதும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமே போதும். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். இருக்கும் தகவலைத்தான் தருவார்கள், உங்களுக்காகப் புதிதாகத் தொகுக்கமாட்டார்கள். ஆகவே எந்த மாதாந்திர அறிக்கையின் நகல் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தனிநபர் விவரம் இந்த வழியில் வராது. எச்ஐவி நிலை 2017 சட்டத்தால் கூடுதலாகக் காக்கப்பட்டது.

இரண்டு பதிவேடுகளைப் பெயரை வைத்துப் பொருத்த நினைப்பவர்களுக்கு இங்கே குடும்பப் பெயர் கிடையாது என்பதே முதல் தடை. கோவிந்தம்மாள் ஓரிடத்தில் தந்தையின் முதலெழுத்தோடும் இன்னோரிடத்தில் கணவரின் முதலெழுத்தோடும் இருப்பார். வயது 60, 65, 70 என்று குவியும். குக்கிராமத்தின் பெயரை ஒருவரும் ஊராட்சியின் பெயரை மற்றவரும் எழுதியிருப்பார்கள். பாலினம், நிகழ்ந்த தேதியில் மூன்று நாள் முன்பின், வயதில் ஐந்தாண்டு முன்பின், ஊராட்சி ஆகியவற்றை முதலில் பொருத்தி, பெயரைக் கடைசியில் ஒலியளவில் ஒப்பிட்டால் பிழை குறையும். 200 இணைகளைக் கண்ணால் சரிபார்த்து, எத்தனை தவறு என்று ஆய்வேட்டில் எழுதுங்கள். வெளியிடும் அட்டவணையில் ஐந்துக்குக் குறைந்த எண் எந்தக் கட்டத்திலும் இருக்கக் கூடாது. ஒரு குக்கிராமத்தில் தற்கொலை செய்துகொண்ட ஒரே இளம்பெண் யாரென்று ஊருக்கே தெரியும்.

எதை எடுப்பது

18 மாதம் கையில் உள்ள மாணவர் இறப்புக் காரணம் பார்க்க விரும்பினால், ஓர் ஆரம்ப சுகாதார நிலையப் பரப்பை எடுத்து, பதிவேட்டுப் பட்டியலோடு அங்கன்வாடி, ஆஷா பணியாளர், மயானப் பணியாளர் சொல்லும் பட்டியலையும் சேர்த்து வாய்மொழி விசாரணை செய்வதே நல்லது. இரண்டு பட்டியலிலும் உள்ளவர், ஒன்றில் மட்டும் உள்ளவர் என்று பிரித்தால் பதிவு எவ்வளவு முழுமை என்ற விடையும் கூடவே கிடைக்கும். பணமும் ஆளும் இல்லாமல் மாவட்டப் போக்கை மட்டும் காட்ட விரும்பும் தொண்டு நிறுவனம், புள்ளிவிவரப் பகுதியை வசிப்பிட வாரியாகக் கேட்டுப் பெறட்டும். தர்மபுரிக்குச் சேலத்தையும் சேர்த்துக் கேட்டால் பெரும்பகுதி கிடைத்துவிடும். புற்றுநோய்க்கு மாநிலப் பதிவேடு, இரத்தசோகைக்குக் குடும்பநல ஆய்வு.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்கு இவை எதுவும் தனியே போதாது. அங்கே பதிவேட்டு எண்ணிக்கையைக் குறைந்தபட்ச எண் என்று மட்டும் வெளியிட்டு, 500 வீடுகளிலாவது ‘கடந்த 12 மாதத்தில் இந்த வீட்டில் யாராவது இறந்தார்களா, எங்கே இறந்தார், எங்கே பதிந்தீர்கள்’ என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். சராசரி நான்கு பேர் என்றால் 2,000 பேர், அதில் 12 இறப்புதான் வரும். விகிதம் போட அது போதாது, எல்லைக்கு அப்பால் பதிவாகிறதா இல்லையா என்று முதல் முறையாகப் பார்க்கப் போதும். பங்கைச் சரியாக அளக்க 5,000 வீடு தேவைப்படும். வீட்டுக்கு ஐந்து நிமிடம் போதும் என்பதால் ஆறு களப்பணியாளர்கள் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.